பின்பக்கமா நடந்த தலைவர்

முள்ளை எறியாதா? அது எனக்கும் தெரியும்டி வேணி! எறியும்னு நான் எப்ப சொன்னேன்? குத்தும்னு சொல்ல வந்தேன். முழுசா சொல்ல விடாம, "பாட்டி, முள்ளம்பன்னி அம்பு மாதிரி முள்ளை விடாதுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க, உன் கதை டூப்பு"ன்னு குதிக்கிறே. உங்க டீச்சர் சொன்னதும் சரி. நான் சொல்லப் போறதும் சரி.

முள்ளம்பன்னி பின்பக்கமா வரும். அதான் விஷயம். எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, முள்ளைச் சிலுப்பிக்கிட்டு, ரிவர்ஸ் எடுக்கற லாரி மாதிரி வந்து மோதும். மோதுச்சுன்னா முள்ளு அங்க இறங்கிடும், இங்க கழண்டுக்கும். இதை நல்லா மனசுல வச்சுக்க. கதையே இந்த ரிவர்ஸ்லதான் இருக்கு.

நீ அந்தப் பக்கம் உக்காரு. நான் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கறேன். உங்கம்மா கடைக்குப் போறப்ப துணியில காயற இந்த வத்தலுக்கு என்னைக் காவல் வச்சுட்டுப் போயிருக்கா. கையில கம்பு இருக்கு. காக்கா வந்தா எனக்குத் தெரியாமலா போயிடும்? இந்த மொட்டை மாடியில எறும்பு ஊர்ந்தாக்கூட எனக்குத் தெரியும். சரி, கேளு.

ஒரு மலையடிவாரத்துல ஒரு குளம். கரையில பெரிய நாவல் மரம். கோடை வந்தா சுத்துவட்டாரத்துல மத்த தண்ணியெல்லாம் வத்திடும். இந்தக் குளம் மட்டும் வத்தாது. காட்டுல இருக்கற சின்ன ஜீவனெல்லாம் இங்கதான் குடிக்க வரும்.

ஆனா அந்தக் குளத்துக்கு ஒரு ராஜா இருந்தான். காட்டுப்பன்னி. பேரு சேத்துராசா. யாரும் முடி சூட்டல, அவனாவே சூட்டிக்கிட்டான். வாயோரம் ரெண்டு பல்லு அருவா மாதிரி வளைஞ்சு நிக்கும். அவன் ஒரு சட்டம் போட்டான்.

"விடிஞ்சதும் முதல்ல நான் புரளுவேன்! அப்புறம் என் வீட்டுக்காரி புரளுவா! அப்புறம் என் பிள்ளைங்க! மிச்சம் இருக்கறதை நீங்க குடிச்சுக்கங்க!"

மிச்சம் என்ன இருக்கும்? சேறு இருக்கும்.

போன கோடையில அந்தச் சேத்தைக் குடிச்சு, முயல் வெள்ளச்சியோட குட்டி ஒண்ணு வயித்தால போயே செத்துப்போச்சு. இன்னொரு குட்டி எப்படியோ பொழைச்சுக் கிடந்துச்சு. இந்தக் கோடையைத் தாண்டுமான்னு அவளுக்கு ஒரே பயம்.

"எனக்கு ராஜாவும் வேணாம், மந்திரியும் வேணாம். என் பிள்ளைக்கு ஒரு வாய் தெளிஞ்ச தண்ணி போதும்!"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பா.

இதை மறந்துடாதே வேணி. நான் கதையை விட்டு வேற எங்கயாவது போனாலும் நீ அந்தக் குட்டியை மறக்கக் கூடாது. நான் போவேன். எனக்கே தெரியும்.

இப்ப நம்ம ஆளு வர்றான். முள்ளம்பன்னி. அவனோட அம்மா வச்ச பேரு உருண்டை. சின்னதுல பந்து மாதிரி இருப்பானாம். குட்டியா இருக்கறப்ப முள்ளெல்லாம் வைக்கோல் மாதிரி மெத்துனு இருக்கும். ஒரு நாள் தண்ணி குடிக்க வந்தவனை சேத்துராசா மூக்காலேயே உருட்டிவிட்டான். குளக்கரையைச் சுத்தி உருட்டினான். சேத்துல போட்டு உருட்டினான். "பாருங்கடா, உருண்டை நிஜமாவே உருளுது!"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. முயல் சிரிச்சுது, கீரி சிரிச்சுது, மைனா சிரிச்சுது. சந்தோஷத்துல சிரிக்கல. சிரிக்காட்டி அடுத்ததா தன்னை உருட்டுவான்னு பயத்துல சிரிச்சாங்க. ஆனா சேத்துக்குள்ள கிடக்கறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அவன் காதுல விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

அந்தச் சிரிப்பு அவனை விடவே இல்ல. வளர்ந்தான். முள்ளு இறுகுச்சு. முதுகு நிறைய ஈட்டி ஈட்டியா கறுப்பும் வெள்ளையுமா நின்னுச்சு. ஒரு நாள் நாவல் மரத்தடியில வேருமேல ஏறி நின்னுக்கிட்டு வாலை ஒரு ஆட்டு ஆட்டினான். வால்ல இருக்கற முள்ளு கலகலன்னு சத்தம் போட்டுச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

"இன்னையிலேருந்து உருண்டை செத்துட்டான்! என் பேரு ஈட்டிமாறன்! இந்தக் குளம் எல்லாருக்கும் சொந்தம்! சேத்துராசாவை நான் விரட்டுவேன்! என் பின்னால வர யாருக்குத் தைரியம் இருக்கு?"

முதல்ல முன்னால வந்தது யாரு தெரியுமா? வெள்ளச்சிதான்.

"நான் வர்றேன் அண்ணே!"

அப்புறம் கீரி வந்துச்சு. அணிலுங்க வந்துச்சு. மைனா, "ஈட்டிமாறன் வாழ்க!"ன்னு கத்துச்சு. ஆமைத்தாத்தா மட்டும் கடைசியா வந்து சேர்ந்தாரு. அவருக்கு இஷ்டம் இல்லாம இல்ல. நடந்து வரணும் இல்ல?

நானும் ஒரு காலத்துல தலைவிதான், தெரியுமா? தெருக்குழாயில தண்ணி வரலைன்னு காலிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் கிளம்பினேன். நான்தான் முன்னால. "தண்ணி குடு! தண்ணி குடு!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன். எனக்குப் பின்னால ஒரு தெருவே வருதுன்னு நெனைப்பு. திரும்பிப் பார்த்தா, ஒரு நாயி. அதுக்குப் பின்னால உங்க தாத்தா, குடை பிடிச்சுக்கிட்டு. அவரும் எனக்கு ஆதரவா வரல. "சாவி எங்க வச்சே?"ன்னு கேக்க வந்திருக்காரு. அதோட என் அரசியல் முடிஞ்சுது. சரி, எங்க விட்டேன்?

ஆமா. ஈட்டிமாறன்.

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்துல நல்லாத்தான் பண்ணினான். ஒரு தரம் சேத்துராசா கிழங்கு தோண்ட மலைமேல போனவன் பல நாள் அங்கேயே தங்கிட்டான். அவன் வீட்டுக்காரி மட்டும் புரள வந்தா. இவன் முதுகைக் காட்டிக்கிட்டு, வாலைக் கலகலன்னு ஆட்டிக்கிட்டு, பின்பக்கமாவே அவளை நோக்கி வந்தான். அவ பயந்து ஓடிட்டா! அன்னைக்குக் குளம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு கிடந்துச்சு. வெள்ளச்சி தன் குட்டியைக் கூட்டிட்டு வந்து குடிக்க வச்சா. குட்டி தண்ணிக்குள்ள தன் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அம்மா, இது யாரு?"ன்னு கேட்டுச்சாம். அது பொறந்ததுலேருந்து தெளிஞ்ச தண்ணியையே பார்த்ததில்லையே!

வெள்ளச்சி அழுதுட்டா. ஈட்டிமாறனுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அவனே போய்க் கிழங்கு தோண்டிக் கொண்டு வந்து அந்தக் குட்டிக்குக் குடுத்தான். நல்ல மனசு இல்லாதவன் இல்ல. அதையும் சொல்லணும்.

ஆனா அந்த ஒரு நாள் ஜெயிச்சது அவன் தலைக்கு ஏறிடுச்சு. தினம் சாயங்காலம் நாவல் மரத்தடியில கூட்டம் போடுவான். மைனா முதல்ல "வாழ்க!" சொல்லணும். அப்புறம் எல்லாரும் சொல்லணும். அவன் பேசறப்ப யாரும் சொறியக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. சிரிக்கவே கூடாது.

ஒரு நாள் கீரி பாவம், கொட்டாவி விட்டுட்டான்.

"யாரு அங்க வாயைத் திறந்தது?"

"தலைவரே, தூக்கம் வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல!"

"நான் பேசறப்ப தூக்கமா? உனக்கு சேத்துராசா எவ்வளவு கிழங்கு குடுத்தான்?"

"கிழங்கா? தலைவரே, நான் கீரி! நான் கிழங்கே தின்ன மாட்டேன்!"

"பார்த்தியா, வாய் வேற பேசறான்! துரோகி!"

சொல்லிட்டு அப்படியே திரும்பினான். பின்பக்கமா வந்து ஒரு மோது! கீரி மூக்குல முள்ளு. கீரி அழுதுக்கிட்டே போயிட்டான்.

அடுத்து அணிலுங்க. ஏதோ தங்களுக்குள்ள பேசிச் சிரிச்சுதுங்க. நாவல் பழம் ஒண்ணு யாரு மண்டையிலயோ விழுந்ததுக்குச் சிரிச்சிருக்குங்க. அவனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டாலே போச்சு. உடனே மனசுக்குள்ள அந்தப் பழைய சேத்துல போய் விழுந்துடுவான். "என்னைப் பார்த்துத்தானே சிரிச்சீங்க?" மோது! வால்ல முள்ளு.

ஆமைத்தாத்தா ஒரு நாள் தலையை வெளிய நீட்டிச் சொன்னாரு.

"தம்பி, உன் முள்ளு என் ஓட்டுல இறங்காது. அந்தத் தைரியத்துல சொல்றேன். நீ குத்தினதுல ஒண்ணாவது சேத்துராசா மேல பட்டுச்சா?"

"தாத்தா, முதல்ல உள்ள இருக்கற துரோகியை ஒழிக்கணும். அப்புறம் வெளிய இருக்கற எதிரி!"

"உள்ளே இருக்கறது எல்லாம் நாங்கதானேப்பா?"

அதுக்கு அவன் என்ன பண்ணினான்? திரும்பி ஒரு மோது. முள்ளு ஓட்டுல பட்டு மொறமொறன்னு ஒடிஞ்சுது. தாத்தா தலையை உள்ள இழுத்துக்கிட்டாரு.

என்னடி கண்ணை அப்படி உருட்டுறே? கதை பிடிக்கலையா? பிடிக்காட்டியும் கேளு. முக்கியமான இடம் வருது, குறுக்க பேசாதே!

சேத்துராசா மலையிலேருந்து திரும்பி வந்தான். தன் வீட்டுக்காரியை விரட்டின சமாச்சாரம் தெரிஞ்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு குளக்கரைக்கு வந்தான். ஈட்டிமாறனும் தன் ஆளுங்களோட வந்து நின்னான்.

"நான் சண்டை போடறப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"ன்னு ஏற்கனவே உத்தரவு போட்டிருந்தான்.

அப்புறம் என்ன, எப்பவும் போல திரும்பினான். முதுகு எதிரிக்கு, மூஞ்சி தன் ஆளுங்களுக்கு. உலகத்துல எந்தத் தலைவனாவது இப்படிச் சண்டைக்குப் போவானா சொல்லு! எதிரி எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணு முன்னால இருக்கறது எல்லாம் கூட வந்தவங்க மூஞ்சிதான். அடி மேல அடி வச்சு பின்னால போறான். ஒவ்வொரு மூஞ்சியா பார்க்கறான். "இவன் ஏன் முழிக்கிறான்? இவ ஏன் கீழ பார்க்கறா?"

சேத்துராசா பெரிய தந்திரக்காரன். சத்தமில்லாம இடது பக்கமா நகர்ந்துட்டான். இவன் போற வழியில இருந்தது வெறும் புதைசேறு! வெள்ளச்சி பார்த்துட்டா. அவளுக்குப் பதறுது. வாயைத் திறக்கக் கூடாதே! காதை ஆட்டினா. கண்ணைக் காட்டினா. மூஞ்சியை இப்படி அப்படின்னு சுளிச்சுக் காட்டினா. முயலுக்கு உதடு சும்மாவே துடிச்சுக்கிட்டு இருக்கும். இப்ப படபடன்னு துடிக்குது.

அவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிஞ்சுது? சிரிக்கிற மாதிரி தெரிஞ்சுது.

அப்படியே நின்னுட்டான்.

"வெள்ளச்சி! நீயுமா? அன்னைக்கும் சிரிச்சே! இன்னைக்கும் சிரிக்கிறியா?"

"ஐயோ அண்ணே, நான் சிரிக்கல! அவன் இடது பக்கம்..."

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேன் இல்ல?"

எதிரியை அங்கேயே விட்டுட்டு, சுத்தித் திரும்பி, பின்பக்கமா ஓடி வந்து வெள்ளச்சியை மோதினான். அவ காதுலயும் தோள்லயும் முள்ளு. அவளோட குட்டி "அம்மா!"ன்னு கத்துச்சு.

சேத்துராசா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னான். சண்டைக்கு வந்தவனை யாருமே கண்டுக்கல!

"டேய் தம்பி, இது என்கூடப் போடற சண்டையா, அவகூடப் போடற சண்டையா? முடிச்சுட்டுச் சொல்லி அனுப்பு. நான் அதுக்குள்ள புரண்டுட்டு வந்துடறேன்!"

ஹோன்னு சிரிச்சுக்கிட்டே குளத்துல இறங்கினான். தண்ணி திரும்பவும் சேறாச்சு.

வெள்ளச்சி குட்டியைக் கூட்டிக்கிட்டுத் தன் புதருக்குப் போனா. அழுதுக்கிட்டே முள்ளை ஒவ்வொண்ணா பிடுங்கினா. தூக்கிப் போடப் போனவ, ஒரு நிமிஷம் அதைப் பார்த்தா. என்ன கூர்மை! அதைப் புதர் வாசல்ல மண்ணுல ஊணி வச்சா, கூர்ப்பக்கம் வெளிய இருக்கற மாதிரி. சேத்துராசா ராத்திரி எல்லாம் புதரைக் கிளறிக்கிட்டு வருவான் இல்ல? குட்டிக்கு ஒரு வேலி ஆச்சு. கீரி தன் மூக்குல இருந்ததைக் கொண்டு வந்து குடுத்தான். "அக்கா, இதையும் வச்சுக்க." அணிலுங்களும் கொண்டு வந்துச்சுங்க. ஆமைத்தாத்தா ஒடிஞ்சதை எல்லாம் வாயில கவ்விக்கிட்டு வந்தாரு. அவன்கிட்ட குத்து வாங்கினவங்க எல்லாம் சேர்ந்து அந்தப் புதரைச் சுத்தி வேலியே போட்டுட்டாங்க.

முள்ளம்பன்னி முள்ளுன்னா சும்மா இல்லடி. நம்ம வீட்டுல சீமந்தத்துக்கு அதாலதான் உச்சி வகிடு எடுக்கணும், அது வழக்கம். உங்கம்மா வயித்துல நீ இருந்தப்ப அந்த முள்ளுக்கு எங்க போறது? மேலத்தெரு சிவகாமு வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. பவுடர் டப்பாவுல போட்டு, பட்டுத்துணி சுத்தி வச்சிருந்தா. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். பத்திரமா சாமி மாடத்துல வச்சேன். விடிஞ்சா சீமந்தம். விடிஞ்சுது, பந்தல்ல மேளம் ஆரம்பிச்சாச்சு. முள்ளைக் காணோம்! சம்பந்தி வீட்டுக்காரங்க என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. கடைசியில பார்த்தா, உங்க தாத்தா கொல்லையில சாய்வு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டு, அதை வச்சு சுகமா காது குடைஞ்சுக்கிட்டிருக்காரு! கழுவிட்டு வகிடு எடுத்தோம். உனக்குக் காது நல்லாத்தானே கேக்குது? அதான் பெரிய விஷயம்.

சரி, சரி, குளத்துக்கு வர்றேன்.

இப்ப ஈட்டிமாறன்கூட யாரும் இல்ல. மைனா மட்டும்தான் மிச்சம். அவன் "நான் சரியாத்தானே செஞ்சேன்?"ம்பான். மைனா "சரியாத்தானே செஞ்சீங்க!"ங்கும். "எல்லாரும் துரோகிங்கதானே?"ம்பான். "துரோகிங்கதானே!"ங்கும். அவனுக்கு அது ரொம்ப சௌகரியமா இருந்துச்சு. வெறும் வேர் மேல ஏறி நின்னு, வெறும் தரையைப் பார்த்துப் பேசுவான். கொட்டாவி விட ஆளே இல்ல. ஆனா சில நாள் பேச்சு நடுவுல நிறுத்திட்டு, வெள்ளச்சி உக்கார்ற இடத்தையே பார்த்துக்கிட்டு இருப்பான்.

ஆமைத்தாத்தா அந்தப் பக்கம் போறப்ப ஒரு தரம் நின்னாரு.

"தம்பி, கோவிச்சுக்காதே. உன் முதுகு வழுக்கையா இருக்கு."

"பொறாமை!"ன்னான் அவன். தன் முதுகு தனக்குத் தெரியாது இல்ல? எல்லா முள்ளையும் ஊர் மேல குத்திக் குத்தியே காலி பண்ணிட்டான். அது அவனுக்கே தெரியல. வாலுல இருந்ததுகூட ஆமை ஓட்டுல ஒடிஞ்சு போச்சு.

ஒரு நாள் சேத்துராசா புரண்டுக்கிட்டு இருக்கறப்ப கரைமேல போய் நின்னான்.

"சேத்துராசா! இன்னையோட உன் ஆட்டம் முடிஞ்சுது!"

"ஈட்டிமாறன் வாழ்க!"ன்னு மைனா கத்துச்சு.

அவன் கம்பீரமா திரும்பினான். முதுகைக் காட்டினான். வாலை வேகமா ஒரு ஆட்டு ஆட்டினான்.

சத்தமே வரல.

இன்னொரு தரம் ஆட்டினான். ம்ஹும்.

சேத்துராசா தண்ணியிலேருந்து எழுந்து வந்து, தலையைச் சாய்ச்சு அந்த முதுகைப் பார்த்தான். சுத்தி வந்து பார்த்தான்.

"ஏண்டா, இது என்ன? உரிச்ச பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வந்திருக்கே?"

"சேத்துராசா வாழ்க!"ன்னு மைனா கத்திட்டுப் பறந்துடுச்சு.

ஈட்டிமாறனுக்கு அப்பதான் முதுகுல காத்து படறது தெரிஞ்சுது. ஜில்லுனு இருந்துச்சாம். சேத்துராசா பல்லை நீட்டிக்கிட்டுப் பாஞ்சான். இவன் ஓடினான் பாரு! வாழ்க்கையிலேயே முதல் தடவையா முன்பக்கமா ஓடினான். பிற்பாடு அவனே சொல்லுவானாம்: "எல்லாரும் தலைவரே முன்னால போங்க, முன்னால போங்கன்னு சொன்னீங்க. கடைசியில போனேன் பார்த்தீங்களா, ஓடிப்போறதுக்கு!"

எங்க ஓடறது? யாரு வீட்டுக்குப் போறது? கீரி வீட்டுக்கா? கீரியோட மூக்கு இன்னும் ஆறல. அணிலுங்ககிட்டயா? மூச்சு வாங்கிக்கிட்டே ஓடினவன், வெள்ளச்சியோட புதர் வாசலுக்கு வந்து நின்னான். பார்த்தா சுத்தி எங்க பார்த்தாலும் தன்னோட முள்ளு. கறுப்பும் வெள்ளையுமா தன்னையே பார்த்துக்கிட்டு நிக்குது.

உள்ள வெள்ளச்சி. அவ காதுல காயம். பக்கத்துல குட்டி.

"வெள்ளச்சி! உள்ள விடும்மா!"

பின்னால மண்ணு அதிர்ந்துச்சு. சேத்துராசா வந்துக்கிட்டு இருக்கான். வேலியைத் திறந்தா தன் குட்டிக்கு ஆபத்து. திறக்காட்டி இவன் செத்தான். அவ பிள்ளைக்குக் கிழங்கு குடுத்தவனும் இவன்தான். யாரைக் குத்தினானோ அவளேதான் முடிவு பண்ணணும்.

"வெள்ளச்சி, நான் என்ன வேணும்னாலும் பேசினவன்தான். இப்ப எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

வெள்ளச்சி நாலு முள்ளை ஒதுக்கினா.

"குனிஞ்சு வா அண்ணே. உன் முள்ளு உன்னையே குத்திடும்."

அவன் நுழைஞ்சான். அவ முள்ளைத் திரும்ப ஊணினா. அவ்வளவுதான், சேத்துராசா வந்த வேகத்துக்கு நிறுத்த முடியல. மூக்கை முன்னால நீட்டிக்கிட்டு வந்தவன் நேரா வேலியில மோதினான்! கீரி மூக்குல இருந்தது, அணில் வால்ல இருந்தது, முயல் காதுல இருந்தது எல்லாம் சேர்ந்து சேத்துராசா மூக்குல இறங்குச்சு. காடே அதிர ஒரு கத்தல்! திரும்பி ஓடினான்.

புதருக்குள்ள வெள்ளச்சி அவன் பக்கம் திரும்பினா.

"அன்னைக்கு நான் சிரிக்கல அண்ணே"ன்னா வெள்ளச்சி. "அவன் இடது பக்கம் போயிட்டான்னு காட்டினேன்."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "எனக்கு மூஞ்சியைப் பார்க்கத்தான் தெரிஞ்சுது. படிக்கத் தெரியல."

அப்ப அந்தக் குட்டி இருக்கு பாரு, அது அவன் பின்னால போய் முதுகைத் தொட்டுப் பார்த்துச்சு. "மாமா, உன் முதுகு வழவழன்னு நல்லா இருக்கு! சறுக்கலாமா?"ன்னு கேட்டுச்சு.

வெள்ளச்சிக்கு அடக்க முடியல. சிரிச்சுட்டா. நிஜமாவே சிரிச்சுட்டா! சிரிச்ச அப்புறம் பயந்துட்டா. ஈட்டிமாறனுக்குப் பழக்கதோஷம், முதுகு சிலிர்த்துச்சு. ஆனா சிலிர்க்க அங்க என்ன இருக்கு? ஒண்ணு ரெண்டு முடிதான் நின்னுச்சு. அதைத் திரும்பிப் பார்க்க முயற்சி பண்ணினான், எட்டல, உருண்டு விழுந்தான். விழுந்த இடத்துலேயே அவனும் சிரிக்க ஆரம்பிச்சான். சிரிச்சுச் சிரிச்சு அழுதான்னு வச்சுக்க. சேத்துல விழுந்த நாள்லேருந்து சிரிக்காத சிரிப்பு எல்லாம் வந்துச்சு.

சேத்துராசாவால மண்ணைக் கிளற முடியல. கிழங்கு தின்ன முடியல. மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எல்லாரும் கூடியிருந்த குளக்கரைக்கு வந்து நின்னான்.

"இதை யாராவது பிடுங்கி விடுங்க!"

எல்லாரும் ஈட்டிமாறனைப் பார்த்தாங்க. அவன் வெள்ளச்சியைப் பார்த்தான். "நீயே பேசும்மா"ன்னான்.

வெள்ளச்சி முன்னால வந்தா. முன்பக்கமா வந்தா, நேருக்கு நேரா.

"முதல்ல எல்லாரும் குடிக்கணும். அப்புறம் நீ புரண்டுக்க. குளம் பெரிசு. உன்னைப் போன்னு யாரும் சொல்லல!"

"சரி, சரி, பிடுங்குங்க!"

தன் முள்ளைப் பக்குவமா பிடுங்கத் தெரிஞ்சவன் ஈட்டிமாறன்தான். வலிக்காம, பல்லால மெதுவா ஒவ்வொண்ணா பிடுங்கினான். சேத்துராசா குழந்தை மாதிரி அழுதான். கீரி சொன்னான், "தலைவரே, அவன் அழறதைப் பார்த்து சிரிச்சுக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. அந்தச் சிரிப்பு எங்க கொண்டு போய் விடும்னு எனக்குத் தெரியும். சிரிக்கணும்னா என் முதுகைப் பார்த்துச் சிரி. அப்புறம், தலைவரேன்னு கூப்பிடாதே. உருண்டைன்னு கூப்பிடு. எங்கம்மா வச்ச பேரு."

மறுநாள் விடிஞ்சப்ப குளம் தெளிஞ்சு கிடந்துச்சு. குட்டி வயிறு முட்டக் குடிச்சுது. தண்ணிக்குள்ள தன் மூஞ்சியைப் பார்த்துச்சு, பக்கத்துல ஒரு வழுக்கை முதுகையும் பார்த்துச்சு. உருண்டை முன்பக்கமா நடக்கப் பழகிக்கிட்டு இருந்தான். அடிக்கடி மரத்துல முட்டிக்கிட்டான்.

முள்ளு அப்புறம் முளைச்சுதான்னு கேப்பே. முளைச்சுது. ஆனா புதர் வாசல்ல இருந்ததை அவன் திருப்பிக் கேக்கல.

இதுலேருந்து என்ன தெரியுது? எதிரியைப் பார்க்காம, கூட நிக்கறவங்க மூஞ்சியையே பார்த்துக் கோவப்படுற தலைவன், தன் பலத்தை எல்லாம் சொந்த ஆளுங்க மேலேயே தீர்த்துட்டு வெறும் முதுகோட நிப்பான்.

ஏண்டி சிரிக்கிறே? நீதி சொல்றப்ப யாராவது சிரிப்பாங்களா? அப்போலேருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன், கண்ணை உருட்டுறே, மூஞ்சியைச் சுளிக்கிறே, கையைக் காட்டுறே! என் பேச்சு உனக்கு அவ்வளவு விளையாட்டா... என்னது? பின்னாலயா? எனக்குப் பின்னால என்ன...

அடக் கடவுளே! ச்சூ! ச்சூ! போ! அடப் பாவிக் காக்காங்களா, பாதி துணி வத்தல் காலியாயிடுச்சே! வாயைத் திறந்து சொல்லக் கூடாதாடி? என்னது, குறுக்க பேசாதேன்னு நான்தான் சொன்னேனா? சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன். சிரிச்சுக்க, நல்லா சிரிச்சுக்க.

ஏங்க! கீழ காது குடைஞ்சது போதும்! மருமக தெருமுனையில வர்றா. சீக்கிரம் மேல வந்து, இந்த வத்தல் துணியை அப்படியே சுருட்டி உள்ள கொண்டு போய் வையுங்க!